பத்து நிமிடம் கழித்துத் திற

தீச்சுவர் என்று இதற்குப் பெயர் வைத்தவர்
மே மாதத்துக் காகிதப்பட்டறையில்
மொட்டைமாடிக்குக் கீழே ஒற்றை அறையில்
குடியிருந்தவராக இருக்க வேண்டும்.
இரவு ஒன்றரைக்கும்
சுவரில் கை வைக்க முடியவில்லை.

என் மடியில் இருப்பது வெறும் திரை.
மேல்விஷாரத்துச் செருப்புக் கம்பெனியின்
பதினோரு வருடக் கணக்கும்
அம்பத்தூரில் ஒரு குளிர் அறையில்
நான்காவது அடுக்கில்
பச்சை விளக்காய்ச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.
நடுவில் நூற்று முப்பது கிலோமீட்டர்.
வரைபடம் பார்த்துத் தெரிந்துகொண்டதல்ல.

போன ஐப்பசியில்
'எல்லோரையும் தடு' என்று முதல் வரி,
'என்னை மட்டும் விடு' என்று இரண்டாம் வரி
எழுத நினைத்தேன்.
முதல் வரி முடிந்ததும்
இரண்டாம் வரியை எழுத அங்கே ஆளில்லை.
எல்லோரிலும் நானும் சேர்த்தி.
சொந்தக் காசில் சூனியம்,
பஸ் கட்டணம் தனி.

மூன்று மணிக்குப் புதிய பஸ் நிலையத்தில் ஏறி
வாலாஜா சுங்கச்சாவடியில் கண்ணயர்ந்து
பூந்தமல்லியில் இறங்கி ஆட்டோ பிடித்து
காவலாளியிடம் ஆதார் காட்டி
ஒரு கீபோர்டைச் செருகி
ஒரே ஒரு வரியை அழித்துவிட்டுத் திரும்பினேன்.
இம்தியாஸ் பாய் திட்டவில்லை.
"டீ குடிச்சியா?" என்றார்.
திட்டியிருக்கலாம்.

இன்று மூடவேண்டியது ஒரே கதவு.
ஹாம்பர்க்கிலிருந்து வந்த தணிக்கைத் தாளில்
சிவப்பு வட்டமிட்ட நான்கு இலக்க எண்.
பழைய விதிகளை நகலெடுத்து வைத்தேன்.
குறிப்பேட்டைப் பார்த்து
என் முகவரியை முதலில் எழுதினேன்.
இரண்டு முறை சரிபார்த்தேன்.
பிறகு, எதையும் தொடுமுன்
அந்த இயந்திரத்திடமே சொல்லிவைத்தேன்:
நான் பேசினாலும் பேசாவிட்டாலும்
பத்து நிமிடம் கழித்துப் பழையபடி திறந்துவிடு.

என்டர்.

கர்சர் நின்றது.

பன்னிரண்டரைக்குக் கரண்ட் போய் வந்தது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
போய் வந்தால் மோடத்துக்கு வேறு முகவரி.
குறிப்பேடு சரி, நான்தான் மாறிவிட்டேன்.

இரண்டாம் நிமிடம் தண்ணீர் குடித்தேன்.
இந்த ஊரில் அகழிக்குத் தண்ணீர் இருக்கும்,
ஆற்றுக்கு இருக்காது.
கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு
உள்ளே இருந்தவர்கள் கதைதான் சொல்கிறார்கள்.
பாலத்தைத் தூக்கிவிட்டு
வெளியே நின்றுபோன ஒருவனாவது இருந்திருப்பான்.

ஆறாம் நிமிடம்
பஸ் நேரம் பார்த்தேன்.
எட்டில்
நிமிடம் என்று சொன்னேனா,
மணி என்று சொல்லிவிட்டேனா?
வியர்வை விசைகளின் இடுக்கில் இறங்கியது.
பத்து.
பத்து முடிந்து நாற்பது விநாடி.

திரை அசைந்தது.
பொறுமையிழந்து நான் தட்டிய பதினேழு என்டரும்
ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன,
தாமதமாய்ச் சேர்ந்த தபால் மாதிரி.

திறந்தவன்
பத்து நிமிடத்துக்கு முந்தைய நான்.
அவன் என்னைத் துளியும் நம்பவில்லை.
அவனுக்கு நன்றி.

மறுபடி.
எங்கிருந்து வருகிறேன் என்பதை இம்முறை
இயந்திரத்திடமே கேட்டு எழுதினேன்.
மறுபடி பத்து நிமிடம் சொல்லிவைத்தேன்.
என்டர். கர்சர் ஓடியது.
அதையும் நம்பவில்லை.
திறந்திருக்கும் ஜன்னலுக்கு என்னைப் பழக்கம்,
முகம் பார்க்காமல் விட்டுவிடும்.
அதை மூடாமல்
இன்னொரு ஜன்னலில்
யாரோ போலப் போய்த் தட்டினேன்.
பெயர் கேட்டது, விட்டது.
போன் டேட்டாவிலிருந்து
அந்த நான்கு இலக்கக் கதவைத் தட்டினேன்.
பதில் இல்லை.
நல்லது.

படுத்து, கண் சொருகி,
ஏழாம் நிமிடம் பதறி எழுந்தேன்.
அங்கே இன்னும் ஒருவன்
திறக்கக் காத்துக்கொண்டிருக்கிறான்.
போதும், நீ போய்த் தூங்கு என்று
அவனை ரத்து செய்தேன்.

காலையில் பாய் போன் செய்தார்.
முடிந்ததா என்று கேட்கவில்லை.
"எங்கேர்ந்து பேசுறே?"
"ரூம்லேர்ந்து, பாய்."
"அப்ப சரி."